காவிரி ஏறி வந்த தாய்வீடு

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் செண்பகவல்லி. போன ஐப்பசியில் எங்கள் மாமியார் திதிக்கு வந்திருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டே, வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, "அண்ணி, எங்க தெருவுக்கு இந்த ஆடியில ஒரு வீடு வந்துச்சே, சொன்னேனா?" என்று ஆரம்பித்தாள். வீடு கட்டினார்கள் என்று கேட்டிருக்கிறேன், வாங்கினார்கள் என்று கேட்டிருக்கிறேன், வந்தது என்று இவள் ஒருத்திதான் சொன்னாள். ஆனாலும் நான் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசினால் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுக் கோபித்துக்கொள்கிறவள் அவள். அவள் சொன்னதை எனக்கு வந்த பாஷையில் சொல்கிறேன்.

செண்பகவல்லி வாக்கப்பட்டது குளித்தலைக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர். அவள் எதிர்வீட்டுக்காரி அங்கயற்கண்ணி, ஊருக்கு அங்கயம்மாள். புருஷன் போன பிறகு ஒரே மகன் குணாளனைப் படிக்கவைத்துக் கப்பலில் எலக்ட்ரீசியன் வேலைக்கு அனுப்பினாள். கப்பல் பழுதாகி, உலகத்தின் தெற்குக் கோடியில் சிலி என்ற நாட்டில், மழை ஓயாத ஒரு தீவுத் துறைமுகத்தில் நின்றுவிட்டது. கப்பலைச் சரிபண்ணப் போனவன் அங்கே மரிசோல் என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, கப்பல் கிளம்பிய பிறகும் மனசைக் கிளப்ப முடியாமல் தவித்து, கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான். பேருந்து நிறுத்தத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை போட்டான். அவள் முருங்கைக்கீரை ஆயக் கற்றுக்கொண்டாள், "அத்தை, அத்தை" என்று மாமியார் பின்னாலேயே திரிந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, காகிதம் ஒன்றைத் தவிர.

அயல்நாட்டுப் பெண் நம் வீட்டுக்கு விளக்கேற்ற வந்துவிட்டால் மட்டும் போதாதாம், அவள் இங்கே தங்கலாம் என்று சர்க்கார் அனுமதி தர வேண்டுமாம். அதற்குக் கல்யாணச் சான்று, அந்தச் சான்று உண்மைதான் என்பதற்கு ஒரு சான்று, அவள் நாட்டுப் போலீஸ் கடிதம், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் யார் என்ற கடிதம், இருக்கிற வீட்டுக்கு வரி ரசீது, அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு இன்னொன்று, இப்படி ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்ததாம். எல்லாவற்றையும் கொடுத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக எடுத்த படங்கள் கொடுங்கள் என்றபோதுதான் சிக்கியது. கல்யாணத்தில் எடுத்த படம், கோயிலில் எடுத்த படம், பொங்கல் பானையோடு எடுத்த படம், எதிலும் அவர்கள் இருவர் மட்டும் இல்லை. நடுவில் அங்கயம்மாள் நிற்கிறாள். பெரியவர்கள் இருக்கும்போது சின்னஞ்சிறுசுகள் ஒட்டி நிற்கலாமா என்று அவளே போய் நடுவில் நின்றிருந்தாள்.

மாவட்ட அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாப் படத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. விசா உங்களுக்கா?" என்று கேட்டாளாம்.

"சந்தேகம் இருக்கு, விசாரணைக்கு வருவாங்க" என்று எழுதி, ஒரு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போலீஸ் சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரமும் வரும். வரும்போது இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று பார்க்கும். இல்லையென்றால் மரிசோல் மூட்டை கட்ட வேண்டியதுதான், திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ யாருக்கும் தெரியாது. அதோடு, முடிவு வரும்வரை அவள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. போனால் விண்ணப்பம் அத்தோடு செத்துப்போகும்.

இந்த நேரம் பார்த்து ஆடி பிறக்க இருந்தது.

தலை ஆடிக்கு மருமகள் மாமியார் வீட்டில் இருப்பதா? ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று அங்கயம்மாள் வீட்டில் வழிவழியாகப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிப் பழகியவர்கள். இவளை எங்கே அனுப்புவது?

"எங்க வீட்டுக்கு அனுப்புங்கக்கா. நான் ஒரு மாசம் தாயா இருந்துட்டுப் போறேன்" என்றாள் செண்பகவல்லி.

"எதிர்வீட்டுலயா? வாசல்ல நின்னு நாள் பூரா பாத்துக்கிட்டே இருப்பான். அது என்னடி ஆடி?"

குணாளன் கத்தினான். "அம்மா, ஆடியும் வேணாம், ஆவணியும் வேணாம். போலீஸ் வந்தா அவ இங்க இருக்கணும். அவளை ஊரை விட்டு அனுப்பிட்டாங்கன்னா நீயா போய்க் கூட்டிட்டு வருவே?"

மரிசோல் கீரையை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல், "எனக்கும் அம்மா வீடு போகணும்தான் அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அங்கயம்மாள் எழுந்து குளித்துவிட்டு, ஆற்றங்கரைப் பிடாரி கோயிலுக்குப் போய், எலுமிச்சம்பழ மூடியில் எண்ணெய் விட்டு விளக்கேற்றி, "ஆத்தா, முறையும் கெடக்கூடாது, காகிதமும் கெடக்கூடாது. இந்தப் பொண்ணுக்கு ஒரு தாய்வீட்டைக் காட்டு" என்று கேட்டாள். வாய்விட்டுத்தான் கேட்டாள். பக்கத்தில் பூ விற்கிற காமாட்சி கேட்டிருக்கிறாள்.

ஆடி முதல் நாள் காலையில் படித்துறையில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தபோது, கிழக்கே கடல் பக்கமிருந்து, தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராக, அவசரமே இல்லாமல் ஒரு வீடு வந்தது. மரவீடு. சுவரெல்லாம் மீன் செதில் மாதிரி பலகைத் துண்டுகள் அடுக்கி, தகரப் புகைபோக்கியில் புகை சுருண்டு போக, ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி வைத்து, கூரைமேல் மட்டும் சன்னமாக மழை தூறிக்கொண்டிருக்க, வாசற்படியில் ஒரு தடித்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று கரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீடு நாணல் புதரை ஒதுக்கி, படித்துறையோரமாக வந்து, எருமை உடம்பைத் தேய்க்கிற மாதிரி ஒரு தரம் தேய்த்துக்கொண்டு நின்றது. மரிசோல் கையிலிருந்த சோப்பை ஆற்றில் விட்டுவிட்டு, "மாமீ!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். அவள் ஊரில் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

வீட்டை ஆறு இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாதே என்று பூசாரி தேர் வடத்தை எடுத்துக் கொடுத்தார். ஆண்கள் அதைப் புகைபோக்கிப் பக்கத்துத் தூணில் சுற்றி அரச மரத்தில் கட்டினார்கள். ஊரில் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. கல்லணையையும் முக்கொம்பையும் இது எப்படித் தாண்டியது? மதகெல்லாம் இறக்கித்தானே இருக்கிறது? பரிசல்காரர் சங்கிலியாண்டி யோசித்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ப் பொண்ணைக் கேட்டு வந்த வீடு. மதகுக்கு அது தெரியாமலா இருக்கும்?" என்றார். அது சரிதான் என்று எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த அம்மாளின் பெயர் எர்மீனியா. ஆடிக்குப் பெண்ணழைக்க வருகிற தாய் வெறுங்கையோடு வரக்கூடாது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ, ஒரு கூடை உருளைக்கிழங்கும் மாப்பிள்ளைக்குக் கையால் பின்னிய கம்பளிச் சட்டையும் வைத்திருந்தாள். வாசற்படியில் நின்றே நீட்டினாள். அங்கயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாங்கினாள். "ஆடி மாசத்துல கம்பளியா சம்மந்தி?" என்று கேட்டாள். அவள் ஏதோ சொன்னாள். இவள் ஏதோ சொன்னாள். அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு பேரும், ஒருத்தி படித்துறையில், ஒருத்தி வாசற்படியில் உட்கார்ந்து, ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாமல், மகனைப் பற்றியும் மகளைப் பற்றியும் குறை சொல்லித் தீர்த்தார்கள். அந்தக் கிழங்கை நறுக்கினால் உள்ளே கத்தரிப்பூ நிறம். அங்கயம்மாள் பொடிமாஸ் பண்ணித் தெருவுக்கே கொடுத்தாள். பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு திரிந்தன.

மரிசோல் ஆடி முழுக்கத் தாயோடு அங்கேயே தங்கிவிட்டாள். அந்த வீட்டுக்குள்ளே போனால் மார்கழிக் குளிர். ஆடி வெக்கையில் பிள்ளைத்தாய்ச்சிகள் மத்தியானம் அங்கே போய்ப் படுத்தார்கள். வெண்ணெய் உருக்குகிறவர்கள் வெண்ணெயை அங்கே வைத்து எடுத்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. தபால்காரர் வந்து கதவெண் கேட்டார், இல்லை என்றதும் "படித்துறை, கடைசி வீடு" என்று வைத்துக்கொண்டார். மின்சாரக் கணக்கெடுக்கிறவர் மீட்டரைத் தேடிப் பார்த்து, அந்த அம்மாள் கொடுத்த கசப்பான ஏதோ ஒரு இலைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். ஆடிப்பெருக்கன்று, பெண்களெல்லாம் காதோலை கருகமணி விட்டுக் காவிரியைக் கும்பிட்டபோது, மரிசோலுக்குத் தாலிக்கயிறு மாற்றினார்கள். எர்மீனியா வாசற்படியிலிருந்து குனிந்து, மஞ்சள் கயிற்றின் முடிச்சை மீன்வலை முடிச்சாகப் போட்டாள். "இது இந்த ஜென்மத்துக்கு அவிழாது" என்று கிழவிகள் இழுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் செண்பகவல்லி கவனித்தாள். எர்மீனியா ஒருநாளும் அந்த வாசற்படியை விட்டுக் கீழே இறங்கவில்லை.

இன்னொன்றை ஊரே கவனித்தது, யாரும் சொல்லவில்லை. மத்தியானம் தெரு கண்ணயர்ந்த நேரத்தில் மோட்டார் கடையில் ஆள் இருப்பதில்லை. காப்பி வேளைக்கு வருகிற குணாளனின் தலை ஈரமாக இருந்தது, காதுமடலில் மணல் ஒட்டியிருந்தது. மரவீட்டின் ஆற்றுப் பக்கத்துப் பின்ஜன்னலில் தினமும் ஒரு கம்பளிச் சட்டை காய்ந்தது. மாமியார் ஆசையாகப் பின்னிக் கொடுத்ததைப் போடாமல் போனால் வருத்தப்படுவாளே என்று, அதைப் போட்டுக்கொண்டே நீந்தியிருக்கிறான். எர்மீனியாவுக்கு ஆடிக் கணக்கு என்ன தெரியும்? பின்ஜன்னலைத் திறந்துவைத்து, துண்டும் சூடான ரொட்டியும் எடுத்து வைப்பாளாம்.

"கடைக்கு ஆத்து வழியாப் போறான் போல" என்று அங்கயம்மாள் செண்பகவல்லியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி ஆடி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் எஸ்.ஐ. முத்தழகு வந்தார். நேரே அங்கயம்மாள் வீட்டுக்குப் போனார்.

"மருமக எங்கம்மா?"

பொய் சொல்லி அங்கயம்மாளுக்குப் பழக்கமில்லை, அதிலும் வெள்ளிக்கிழமை. "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா சார். ஆடியில்ல."

"அம்மா வீடா? சிலிக்கா? நாட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு ரசீதுலயே போட்டிருக்கே!"

"சிலிக்கு இல்ல சார். படித்துறைக்கு."

கூழ்ச் சட்டியோடு ஊரே பின்னால் வர, எஸ்.ஐ. படித்துறைக்கு இறங்கினார். வீட்டைப் பார்த்தார். கூரைமேல் பெய்கிற மழையைப் பார்த்தார், தலைக்குமேல் காய்கிற வெயிலையும் பார்த்தார். தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, "அந்த அம்மாவுக்கு விசா இருக்கா?" என்றார்.

"அவங்க எதுக்கு சார் விசா வாங்கணும்? அவங்க வீட்டை விட்டு இறங்கவே இல்லையே" என்றாள் காமாட்சி.

"அப்ப இந்த வீடு எந்த நாடு?"

"தண்ணி மேல நிக்குது சார். காவேரித் தண்ணி யாருதுன்னு எங்களைக் கேக்காதீங்க, அது பெரிய கோர்ட் வரைக்கும் போய்க் கிடக்கு" என்றார் சங்கிலியாண்டி.

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. ஒரு கால் வாசற்படியிலும் ஒரு கால் படித்துறையிலுமாக நின்று, மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். "இது சிலின்னா, இந்தப் பொண்ணு நாட்டை விட்டுப் போயாச்சு, விண்ணப்பம் செல்லாது. இது நம்ம ஊருன்னா, இந்த அம்மா அனுமதி இல்லாம வந்திருக்காங்க, அது வேற கேசு. எப்படி எழுதினாலும் புருஷன் ஒரு வீட்டுல, பொண்டாட்டி ஒரு வீட்டுல. சேர்ந்து வாழலைன்னுதானேம்மா ஆகும்? நான் என்ன பண்ண?"

"அவர் கெட்டவர் இல்லை அண்ணி, அவருக்கு முகமெல்லாம் வேர்த்துப்போச்சு" என்றாள் செண்பகவல்லி. வாசற்படிக்கு உள்ளே மரிசோல் தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். அங்கயம்மாள் கோயில் பக்கம் திரும்பி, "ஆத்தா, முறைக்கு ஆசைப்பட்டு நானே இவளை வழியனுப்பிட்டேனா?" என்று அழுதுவிட்டாள். கூழ் வாங்கிய ஒருத்தரும் அதை வாயில் வைக்கவில்லை.

அப்போது வீட்டுக்குப் பின்னால் தொபீர் என்று ஒரு சத்தம்.

எர்மீனியா, நாள்தோறும் பழகிய வேலை, யாரையும் பார்க்காமல் கொடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டு பின்பக்கம் போனாள். மரிசோல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பின்ஜன்னலில் முதலில் இரண்டு கைகள் தெரிந்தன, பிறகு ஆகாயத்தாமரை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தலை, பிறகு நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி தண்ணீர் சொட்டும் ஒரு கம்பளிச் சட்டை.

"மரி, துண்டு எங்க?" என்றது தலை. பிறகுதான் தொப்பியைப் பார்த்தது.

"யாருய்யா நீ?" என்றார் எஸ்.ஐ.

"இவ... இவ புருஷன் சார்."

"ஆடி மாசத்துல உனக்கு இங்க என்ன வேலை?"

குணாளன் பாதி உள்ளே, பாதி ஆற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். படித்துறையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை, கூழ்ச் சட்டிகள் குலுங்கச் சிரித்தார்கள். அங்கயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "பாவி, என் மானத்தை வாங்கிட்டியேடா! ஒரு மாசம் பொறுக்க முடியலையா உனக்கு!" என்று கூவினாள். கூவக் கூவ அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"தினமும் வருவானா?" என்று எஸ்.ஐ. ஊரைப் பார்த்துக் கேட்டார்.

"மழையானாலும் வெயிலானாலும்!" என்றது ஊர்.

முத்தழகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "என் தலை ஆடியில நான் மணப்பாறை வரைக்கும் சைக்கிள் மிதிச்சவன்யா. மாட்டுக் கொட்டாயில எங்க மாமனார் என்னைத் திருடன்னு கட்டிப்போட்டாரு" என்றார். காகிதத்தை முழங்கால் மேல் விரித்து மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். "புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வாழறாங்களான்னு கேட்டிருக்கு. வீடு எங்கிருந்து வந்துச்சுன்னு இதுல கேள்வியே இல்லை. கேக்காத கேள்விக்கு நான் ஏன் பதில் எழுதணும்?" என்று சொல்லி, "பெரியவர்கள் பிரித்து வைத்தும் சேர்ந்தே வாழ்கிறார்கள்" என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார்.

படம் ஒன்று வேண்டும் என்று தன் போனை எடுத்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு குணாளன் நின்றான், பக்கத்தில் மரிசோல் நின்றாள். அங்கயம்மாள் வழக்கம்போலப் போய் நடுவில் நின்றாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினாள். "இன்னும் கொஞ்சம்." இன்னும் தள்ளினாள். தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் எர்மீனியா பக்கத்தில் வாசற்படியில் ஏறி நின்றுகொண்டாள். அந்தப் படத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஓரத்தில் அங்கயம்மாள் முந்தானை கொஞ்சம் விழுந்திருக்கிறது, பார்த்தால்தான் தெரியும்.

ஆடி முடிந்த அன்று வடத்தை அவிழ்த்தார்கள். எர்மீனியா அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்ட ஒரே தமிழை, "போயிட்டு வர்றேன்" என்பதை, கரையைப் பார்த்துச் சொன்னாள். "தலை தீபாவளிக்கு வந்துருங்க சம்மந்தி, மாப்பிள்ளை வாசல் வழியாவே வருவான்!" என்று அங்கயம்மாள் கத்தினாள். வீடு இந்தத் தடவை ஓட்டத்தோடு, கிழக்கே, புகை விட்டுக்கொண்டு போனது. மரிசோல் அது மறையும்வரை பார்த்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து மாமியார் வீட்டுக்குள் போனாள். ஆவணியில் அனுமதி வந்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தாராம்.

"அதான் அண்ணி, நாளைக்கே நான் கிளம்பணும்" என்றாள் செண்பகவல்லி. "தீபாவளி வருதுல்ல, வடத்தைக் கோயில் மண்டபத்துல விரிச்சுக் காயப் போட்டிருக்காங்க."

நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். தீபாவளி கழிந்து குளித்தலைப் பேருந்தில் அவள் ஒரு பை கொடுத்தனுப்பினாள். உருளைக்கிழங்கு. கழுவும்போது கையில் ஆற்று மணல் நெருடியது. நறுக்கினேன், உள்ளே கத்தரிப்பூ நிறம். சுவாமிக்கு முன்னால் கொஞ்சம் வைத்து, அனுமதிக்காகக் காத்திருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு, பொடிமாஸ் பண்ணினேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஆடிக்கு உங்கள் பெண் தாய்வீட்டுக்கு வந்திருந்தால், வாசல் கதவை எப்படி வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளுங்கள், பின்ஜன்னலை மட்டும் தாழ் போடாதீர்கள்.